மரியாதைப் பன்மை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, எந்த பஸ்ஸும் நிற்காத ஓர் இடத்தில், ஒரு சபை இருக்கிறது. மத்திய மலைநாட்டு வாழ்வாதார மற்றும் புனர்வாழ்வு ஒருங்கிணைப்புச் சபை என்பது அதன் முழுப் பெயர். முன்பு இவை இரண்டு சபைகள். ஒன்று ஆடு, கோழி, காளான் வளர்ப்பவர்களுக்கு உதவியது. மற்றது வழி தவறியவர்களைத் திருத்தியது. செலவைக் குறைக்க வேண்டுமென்று மேலிடத்தில் யாரோ சொல்ல, இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கியதில் பெயர் நீண்டது, பெயர்ப்பலகை பெரிதாயிற்று, தலைவருக்கு இரண்டாவது வாகனமும் கிடைத்தது. செலவு எவ்வளவு குறைந்தது என்று பார்க்க ஒரு குழு நியமிக்கப்பட்டு, அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

மேல்மாடி வாழ்வாதாரத்துக்கு. கீழ்மாடி புனர்வாழ்வுக்கு. மேல்மாடியில் எப்போதும் கூட்டம் இருக்கும், கொடுக்க ஒன்றும் இருக்காது. கீழ்மாடியில் கொடுக்க நிறைய இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. கும்பலாக வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போகிறவர்களை எங்கள் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள் காடையர் என்று எழுதும். அந்தக் காடையரைத் திருத்துவதற்கென்று கீழ்மாடிக்கு வருடா வருடம் பணம் ஒதுக்கப்பட்டது. ஆனால் "நான் ஒரு காடையன், என்னைத் திருத்துங்கள்" என்று படிவம் நிரப்பிக்கொண்டு ஒருவராவது வர வேண்டாமா? வரவில்லை. பணம் கொழும்புக்கே திரும்பிப் போயிற்று. வந்த பணம் செலவாகாமல் திரும்பிப் போவதை விடப் பெரிய மானக்கேடு ஒரு கந்தோருக்குக் கிடையாது என்பதை அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இராஜேஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் இருபது வருடம் சேலை விரித்துக் காட்டி, வாங்காமல் போனவர்களின் சேலைகளைத் திரும்ப மடித்து வைத்தவள். முதலாளி கண்ணை மூடியதும் மகன் கடையையும் மூடினான். ஐம்பதை நெருங்கும் வயதில் அம்பிட்டிய வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள், போனில் யாரோ காடை வளர்ப்பதைப் பார்த்தாள். குறைந்த இடம், குறைந்த தீன், ஒன்றரை மாதத்தில் முட்டை. கணவன் கணேஸ் மாநகர சபையின் தண்ணீர்ப் பிரிவில் குழாய் திருத்துகிறவன். அவன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி என்றான். யோசிக்காமல் இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

கட்டுகஸ்தோட்டையில் கோழித்தீன் கடை வைத்திருக்கும் ஹபீல் நானாதான் குஞ்சுகளை எடுத்துக் கொடுத்தார்.

"தங்கச்சி, இது கோழிக் குஞ்சு மாதிரி இல்ல. கட்டவெரல் அளவுதான் ஈக்கி. சூடு கொறஞ்சா ஒன்டுக்கு மேல ஒன்டு ஏறி நசுங்கி மவுத்தாகிடும். தண்ணிய ஆழமா வெச்சா அதுல விழுந்து மவுத்தாகிடும். பயந்தாலும் மவுத்தாகிடும்."

"அப்ப எப்பதான் நானா அதுங்க உயிரோட இருக்கும்?"

"பாத்துக்கொண்டே ஈந்தா ஈக்கும்," என்றார் ஹபீல்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டியில் முதலில் பேப்பர் விரித்தாள். வழுக்கி வழுக்கி இரண்டு குஞ்சுகளுக்குக் கால் விரிந்துவிட்டது. பேப்பரை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான பழைய துணியை விரித்தாள். தண்ணீர்த் தட்டில் மூன்று குஞ்சுகள் மூழ்கிய பிறகு தட்டு நிறைய கண்ணாடி மாபிள்களைப் போட்டு, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்க விட்டாள். தீனை மிக்ஸியில் அரைத்துப் பொடியாக்கினாள். அம்பிட்டிய மலையில் பனி இறங்கும்போது, இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெட்டிக்கு மேல் தொங்கவிட்டாள். குஞ்சுகள் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர், மூலைக்கு ஓடினால் சூடு, பரவி நின்று கீச்சிட்டால் எல்லாம் சரி. இதைக் கண்டுகொண்ட நாளில் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இருபது வருடம் அடுத்தவர் சேலையை மடித்தவளுக்கு, இது தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முதன்முதலாக ஒன்று கிடைத்திருந்தது. அதை எதற்காகவும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள்.

கண்டியில் ஒரு ஹோட்டல்காரர் காடை முட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் சபையின் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதனால்தான் இராஜேஸ்வரி அந்த மாடிப்படி ஏறினாள்.

படிவத்தின் தலையில் "தங்களுக்கு விருப்பமான மொழியில் நிரப்பவும்" என்று மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தது. அவள் தமிழில் நிரப்பினாள். வளர்க்கும் இனம்: காடை. எண்ணிக்கை: நூற்றிருபது. நோக்கம்: வருமானம்.

அந்தப் படிவம் மொழிபெயர்ப்புக்காக டிலானி மிஸ்ஸின் மேசைக்குப் போயிற்று. டிலானி மிஸ் நல்ல பெண். அரச கரும மொழிப் பரீட்சையில் தமிழில் விசேட சித்தி பெற்ற சிங்களப் பெண். தமிழில் ஒன்றைத் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் தூக்கம் கெட்டவள். அந்த மாதம்தான் ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. தமிழ் மொழி மூலமான ஆவணங்களில் எவரும் மரியாதைக் குறைவாகக் குறிப்பிடப்படக் கூடாது, அமைச்சன் என்பதை அமைச்சர் என்றும், தலைவன் என்பதைத் தலைவர் என்றும் எழுத வேண்டும், மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. டிலானி மிஸ் படிவத்தைப் பார்த்தாள். காடை என்று மொட்டையாக நின்றது. மனசு கேட்கவில்லை. ஓர் "அர்" சேர்த்தாள். காடையர். இப்படி ஒரு சொல் உண்டா என்று அகராதியைத் திறந்தாள். உண்டு. அகராதி சொன்ன அர்த்தத்தைச் சிங்களத்தில் "மெரயோ", அதாவது அடியாட்கள், என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தாள்.

ஆக, வளர்க்கும் இனம் காடையர், எண்ணிக்கை நூற்றிருபது, நோக்கம் வருமானம் என்று அந்தப் படிவம் கந்தோர் முழுக்கச் சுற்றி வந்தது. ஏழு பேர் அதில் கையெழுத்திட்டார்கள். ஒருவருக்கும் அதில் பிழை ஏதும் தெரியவில்லை. வருமானத்துக்காகக் காடையர் வளர்ப்பது அவர்கள் கேள்விப்படாத தொழில் அல்ல. தேர்தல் காலத்தில் எல்லாரும் செய்வதுதான். பதிவு செய்துகொள்ள வந்த முதல் ஆள் என்று பாராட்டவும் செய்தார்கள்.

கோப்பு கீழ்மாடிக்கு இறங்கியது. கீழ்மாடியில் அன்றைக்குப் பால்சோறு பொங்கினார்கள்.

மறுகிழமை ஆலோசனை உத்தியோகத்தர் நிரோஷன் அம்பிட்டியவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்த ஒல்லியான மனிதர். சாரதி வேனை விட்டு இறங்க மறுத்து, வேனைத் திருப்பி, இன்ஜினை நிறுத்தாமல் வைத்துக்கொண்டான். நிரோஷன் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"அக்கா, எத்தினை பேரை வச்சிருக்கிறியள்?"

"நூத்தியிருவது வாங்குனேன் சார். ஏழெட்டு செத்துப்போச்சு."

நிரோஷனின் பேனை நின்றது. "எப்பிடி?"

"தண்ணியில விழுந்து மூணு. மத்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிபட்டு."

"பொலிசுக்கு அறிவிச்சனீங்களோ?"

"பொலிசுக்கு எதுக்கு சார்? பின்னால வாழ மரத்தடியில பொதைச்சிட்டேன்."

நிரோஷன் வேன் நிற்கும் இடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இந்த அம்மா ஆட்களை அஃறிணையில் பேசுவதையும் ஒரு மூலையில் குறித்துக்கொண்டார்.

"தங்களுக்குள்ள சண்டை பிடிப்பினமோ?"

"சும்மா இருக்கும் சார். ஆனா ஒண்ணுக்கு ரத்தம் வந்திருச்சுன்னா மத்ததெல்லாம் சேந்து கொத்தும். வெளிச்சத்தக் கொறச்சா அடங்கிரும்."

"இப்ப எங்க எல்லாரும்?"

"குசினியிலதான். தூங்குதுங்க."

"நூறு பேரும்?"

"ஒரே பெட்டிதான சார். உள்ள வாங்க, பாத்துட்டுப் போங்க. சத்தம் மட்டும் போடாதீங்க, பயந்தா மேல குதிச்சு மண்டைய ஒடைச்சுக்கும்."

நிரோஷன் தெரிந்த தெய்வங்களை எல்லாம் நினைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார்.

"அக்கா, இது காடையெல்லோ."

"ஆமா சார். காடைதான்."

"காடையர் எண்டு கிடக்கு."

"அத யாரு சார் எழுதுனது?"

நிரோஷன் முற்றத்துக்கு வந்து சபைத் தலைவர் எக்கநாயக்கவுக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் "ஓம் சேர், பறவைதான் சேர், கையில வச்சிருக்கிறன் சேர்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மறுமுனை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் சுருங்கியிருந்தது.

"பறவையெண்டால் அது மேல்மாடிக் கோப்பாம். கோப்பு கீழ இறங்கலாம், படியேறச் சட்டத்தில இடமில்லையாம். காசும் வந்திட்டுதாம். நான் ஆலோசனை குடுக்காமல் வரக் கூடாதாம்."

"யாருக்கு சார் ஆலோசன?"

நிரோஷன் குசினிக்குள் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து கையேட்டை எடுத்தார். அன்பான சகோதரர்களே என்று தொடங்கினார். கோபத்தை எப்படி அடக்குவது, தீய நண்பர்களை எப்படி விலக்குவது, யாராவது பணம் கொடுத்து வாகனத்தில் ஏற்றினால் ஏறாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் பெட்டியைப் பார்த்து முக்கால் மணி நேரம் வாசித்தார். இராஜேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அறிக்கையில், பங்குபற்றியோர் மிகுந்த கவனத்துடன் செவிமடுத்தனர் என்றும் சிலர் உறங்கினர் என்றும் எழுதினார். முந்தைய வருடங்களில் உத்தியோகத்தர்களுக்கு நடத்திய எல்லாப் பயிற்சிகளையும் விட இது திருப்தியாக இருந்ததாக ஒரு வரியையும் சேர்த்தார். அது உண்மைதான்.

அதற்குப் பிறகு சபை நிற்கவில்லை. ஒரு லொறி நிறைய சாமான் வந்தது. கரம் போர்ட்டுகள், கைப்பந்துகள், நூற்றிருபது பல் துலக்கிகள், முதுகில் "நான் மாறிவிட்டேன்" என்று மூன்று மொழியிலும் அச்சிட்ட நூற்றிருபது விளையாட்டு உடைகள். இராஜேஸ்வரி கேட்டிருந்த இன்னொரு குண்டு பல்பு மட்டும் வரவில்லை, அது வாழ்வாதாரப் பொருளாம். இராஜேஸ்வரி ஒரு கரம் போர்ட்டைப் பெட்டிக்கு மூடியாக்கினாள். கணேஸ் ஒரு விளையாட்டு உடையைப் போட்டுக்கொண்டு குழாய் திருத்தப் போனான். தண்ணீர்ப் பிரிவு மேற்பார்வையாளர் அவன் முதுகைப் படித்துவிட்டு, இவன் மாறுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

குஞ்சுகள் எதையும் பொருட்படுத்தாமல் வளர்ந்தன. நெஞ்சில் புள்ளி விழுந்தவை பெட்டை என்றும், செம்மண் நிறம் பூத்தவை சேவல் என்றும் இராஜேஸ்வரி பிரித்தாள். கணேஸ் கம்பிவலையில் கூடு அடித்தான். தீன் தகரத்தைக் கரண்டியால் தட்டினால் எல்லாம் அவள் பக்கமாக ஓடி வந்தன. ஒரு காலையில் கூட்டுக்குள் பழுப்புப் புள்ளி போட்ட சின்ன முட்டை ஒன்று கிடந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கணேஸை எழுப்பினாள். இருவரும் அதை அவிக்கவும் மனமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் சபையிலிருந்து கடிதம் வந்தது. புனர்வாழ்வுக் காலம் நிறைவடைவதால் நூற்றிருபது பேரும் வரும் வெள்ளிக்கிழமை சபை வளாகத்தில் நடைபெறும் வைபவத்தில் சமூகத்தில் விடுவிக்கப்படுவர் என்று அதில் இருந்தது.

இராஜேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு ஒரு காடையைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தலைவர் எக்கநாயக்கவும் தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். பாடப் புத்தகத் தமிழ்தான் பேசுவார்.

"அம்மணி, தயவுசெய்து கதிரையில் அமருங்கள். தங்கள் வருகை எமக்கு மகிழ்ச்சியளிக்கின்றது."

"சார், இது காடை சார். பறவை. பாருங்க." கூடையைத் திறந்தாள். காடை தலையை நீட்டித் தலைவரைப் பார்த்தது.

"காண்கின்றேன். அழகான பறவை."

"இதத் தொறந்து விட்டா காக்கா தூக்கிரும் சார். இதுங்களுக்கு வெளிய பொழைக்கத் தெரியாது. காட்டுல இருக்குறது இல்ல, கூட்டுலயே பொரிச்சு வந்தது. உங்க பேப்பர்ல 'அர்' ஒண்ணு தப்பா சேந்திருக்கு. அத மட்டும் எடுத்திருங்க."

எக்கநாயக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மணி, தமிழ் மிக இனிமையான மொழி. ஓர் 'அர்' சேர்த்தால் போதும், மரியாதை வந்துவிடும். அந்த மரியாதையை நாங்கள் வழங்கினோம். இப்போது திரும்பப் பெறச் சொல்கின்றீர்கள். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அரசாங்கம் வழங்கிய மரியாதையை அரசாங்கமே பறித்தது என்று நாளை பத்திரிகையில் வெளிவந்தால் நல்லிணக்கம் என்னாவது?"

"நல்லிணக்கம் வேற சார். இது முட்ட போட ஆரம்பிச்சிருச்சு சார்."

"மகிழ்ச்சி. ஆனால் பிழை என்று ஏற்றுக்கொண்டால் கையெழுத்திட்ட ஏழு பேரும் பிழை செய்தவர்கள் ஆவர். ஏழு பேர் பிழை செய்திருப்பார்களா, ஒரு பறவை பிழையாகப் பிறந்திருக்குமா? தாங்களே சிந்தித்துப் பாருங்கள்."

இராஜேஸ்வரி சிந்தித்தாள். கூடையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சபையின் வேனே வந்து கூடுகளை ஏற்றிக்கொண்டது. அவளும் ஏறிக்கொண்டாள், தீன் தகரத்தை மடியில் வைத்தபடி. வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேளக்காரர்கள், மங்கள விளக்கு, விருந்தினருக்கு வெற்றிலை. மகாவலிக் கரையின் மரங்களில் காகங்கள் நிறைந்திருந்தன. வைபவம் என்றால் சாப்பாடு உண்டு என்பது அவற்றுக்குத் தெரியும்.

தலைவர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்தவர்களே, இந்நாட்டில் காடையர் உளர் என்று பல காலமாகச் சிலர் கூறி வந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்கப் பல குழுக்கள் நியமிக்கப்பட்டன. எந்தக் குழுவுக்கும் ஒருவர்கூட அகப்படவில்லை. எமது சபை ஒன்றே அவர்களைக் கண்டுபிடித்து, எண்ணி, உணவளித்து, பல் துலக்கியும் வழங்கியது. இதோ, அவர்கள் தங்கள் முன்னால் இருக்கின்றார்கள். ஒருவர் முகத்திலாவது கொடூரம் தெரிகின்றதா?"

தெரியவில்லை என்று முன்வரிசை தலையாட்டியது. கூடுகள் திறக்கப்பட்டன.

ஒரு காடையும் வெளியே வரவில்லை. புல்லை அவை கண்டதேயில்லை. ஓர் உத்தியோகத்தர் கூட்டைச் சாய்த்துக் கொட்டினார். காடைகள் விழுந்த இடத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த நேரம் பார்த்து மேளம் முழங்கிற்று. பயந்த காடை நேராக மேலேதான் குதிக்கும். நூறு காடைகளும் ஒரே வீச்சில் எழும்பின. பந்தல் துணியில் முட்டி, முன்வரிசையின் மடியிலும் வெற்றிலைத் தட்டிலும் விழுந்தன. விருந்தினர்கள் கதிரை மீது ஏறினார்கள். காகங்கள் இறங்கின. இராஜேஸ்வரியின் கண் முன்னாலேயே ஒரு பெட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு ஒரு காகம் ஆற்றைத் தாண்டிப் போயிற்று.

அவள் தகரத்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே பந்தலுக்கு நடுவே போய் நின்றாள். மேசைக்கு அடியிலிருந்தும் கதிரைகளுக்கு இடையிலிருந்தும் காடைகள் ஓடி வந்தன. தகரத்தைக் கூட்டுக்குள் வைத்தாள், அவையும் உள்ளே போயின. கூட்டைப் பூட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். காகம் கொண்டுபோனதை நினைத்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் இல்லாமல் அழுதாள்.

டிலானி மிஸ் ஒரு தூண் அருகே நின்று இதையெல்லாம் பார்த்தாள். அன்றைக்கே கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினாள். காடை என்பது பறவையா, ஆளா என்று தயவுசெய்து தெளிவுபடுத்தவும் என்று கேட்டாள்.

தலைவர் பார்த்ததோ வேறு. "நூறு காடையர் ஒரு தகரச் சத்தத்துக்குக் கட்டுப்படுகின்றனர் என்றால் அவர்களின் தலைவி யார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகவே இருந்ததால் இராஜேஸ்வரியின் பெயரில் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. காடைகளை விடுவித்தாயிற்று, இனி தலைவியைத் திருத்த வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தபோது எதிரே நிரோஷன்தான் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. கேள்வியள் எல்லாம் அச்சடிச்சு வந்தது. நான் வாசிக்கிறன், நீங்கள் சொல்லுறதை அப்பிடியே எழுதுறன்." குரலைத் தாழ்த்தி வாசித்தார். "நீங்கள் முதன்முதலில் காடையரைச் சந்தித்தது எப்போது?"

இராஜேஸ்வரி மின்விசிறியைப் பார்த்தாள். அலுமாரியைப் பார்த்தாள்.

"எண்பத்து மூணுல," என்றாள். "எனக்கு ஆறு வயசு. கம்பளையில. எங்க அப்பா சில்லறக் கட வச்சிருந்தாரு. காடையருங்க வந்தாங்க. கதவ ஒடைச்சு, சாமான அள்ளி, நெருப்பு வச்சிட்டுப் போனாங்க. எதுத்த சிங்கள வீட்டு மெனிக்கே அக்கா என்னக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தாங்க. அங்கேருந்து பாத்தேன்."

"எத்தினை பேர்?"

"நான் எண்ணல சார். பின்னாலயும் யாரும் வந்து எண்ணல."

"ஆரெண்டு தெரியுமோ?"

"ரெண்டு பேரத் தெரியும். எங்க கடையிலதான் தெனம் பீடி வாங்குவாங்க. அப்பா அதுக்கப்புறம் கட வைக்கல. தோட்டத்துல கணக்கப்பிள்ளைக்கு எடுபிடியா இருந்துதான் செத்தாரு."

நிரோஷன் பேனையைக் கீழே வைத்தார். அவரிடமும் ஒரு கதை இருந்தது. அதைக் கேட்பதற்கு அந்தக் கந்தோரில் ஆள் இல்லை. திரும்பப் பேனையை எடுத்து, அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினார். காடையர் வந்து கடைக்கு நெருப்பு வைத்தார்கள்.

தாள் மொழிபெயர்ப்புக்குப் போன அதே நாளில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. புதிய சுற்றுநிருபமாகவே வந்தது. காடை என்பது ஒரு பறவை என்று நிபுணர் குழு உறுதிப்படுத்தியிருக்கிறது, ஆகவே இனிமேல் காடை, காடைகள், காடையர் ஆகிய சொற்கள் எந்தத் தமிழ் ஆவணத்தில் வந்தாலும் "வட்டுக் குருல்லோ" என்றே, அதாவது காடைப் பறவைகள் என்றே, சிங்களத்தில் பெயர்க்கப்பட வேண்டும், மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும். டிலானி மிஸ் சந்தோஷப்பட்டாள். மேசையில் இருந்த எல்லாத் தாள்களையும் அன்றே அதன்படி திருத்தினாள்.

இராஜேஸ்வரியைத் திரும்பவும் அழைத்தார்கள். இந்தத் தடவை மேல்மாடிக்கு. தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். மேசையில் பதிவுச் சான்றிதழ் இருந்தது. தங்க நிற விளிம்பு, இராஜேஸ்வரியின் பெயர், காடைப் பறவை வளர்ப்பாளர் என்ற பட்டம். ஹோட்டல்காரர் அன்று காலையிலும் போனில் கேட்டிருந்தார், சான்றிதழைக் காட்டினால் அன்றைக்கே முட்டை எடுக்கிறேன் என்று. அவள் கூட்டோடு திரும்பக் கொண்டுபோன காடைகள் போட்ட முட்டை வீட்டில் குவிந்து கிடந்தது.

"அம்மணி, தங்கள் விடயம் இனிதே நிறைவடைந்தது. காடையர் என்று எவரும் இலர். அனைத்தும் பறவைகளே. கீழே உள்ள நிபந்தனையை வாசித்துக் கையொப்பமிட்டால் எடுத்துச் செல்லலாம்."

அவள் பேனையை எடுத்தாள். நிபந்தனையை வாசித்தாள். "முன்னர் கம்பளையில் காடைப் பறவைகள் எனது தந்தையாரின் கடைக் கதவை உடைத்து, பொருட்களை அள்ளி, தீ வைத்தமையை நான் ஏற்றுக்கொள்வதுடன், மேற்படி பறவைகளை அடுப்பு, விளக்கு, தீப்பெட்டி ஆகியவற்றுக்கு அருகில் விடமாட்டேன் என உறுதியளிக்கின்றேன்."

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். தலைவரும் மரியாதைக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. இத்தனை மாதத்தில் வராத கோபம், இத்தனை வருடத்தில் அப்பாவுக்கும் வராமல் போன கோபம்.

"அதுங்க செய்யல சார்," என்றாள். "வாயில்லாத ஜீவன் மேல பழி போடாதீங்க. செஞ்சது மனுசங்க."

"அம்மணி," என்றார் எக்கநாயக்க, மிகவும் கனிவாக, "மனிதர்கள் செய்திருந்தால் அது பதிவில் இருந்திருக்கும் அல்லவா?"

இராஜேஸ்வரி பேனையை மூடி மேசையில் வைத்தாள்.